தொலைக்காட்சிச் சமையலும் வீட்டு அடுப்பும்

தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சி ஒன்றை ஒரு மாதம் தொடர்ந்து பார்த்து, அதில் காட்டியவற்றை வீட்டில் செய்துபார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கத்தியைப் பிடிக்கும் முறையும், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லாவற்றையும் நறுக்கி அளந்து கிண்ணங்களில் வரிசையாக வைத்துக்கொள்ளும் பழக்கமும் எனக்கு அதிலிருந்தே வந்தன. அதற்காக அந்த நிகழ்ச்சிக்கு மனமார நன்றி சொல்வேன்.

குறை, நேரக் கணக்கில்தான் இருக்கிறது. திரையில் வெங்காயம் ஐந்தே நிமிடங்களில் ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்கு வந்துவிடுகிறது. உண்மையில் வெங்காயத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர் இருப்பதாலும், அந்த நீர் பெருமளவு ஆவியாகும்வரை வெங்காயத்தின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்பதாலும், நிறத்தையும் மணத்தையும் தரும் வேதிவினை 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிப்பதாலும், மிதமான தீயில் எனக்கு 40 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. படத்தொகுப்பில் வெட்டப்பட்ட இந்தக் காத்திருப்பைச் சொல்லாமல் விடுவது, புதிதாகக் கற்பவரைத் தீயைக் கூட்டத் தூண்டுகிறது. முதல் முறை நானும் கூட்டினேன். ஓரங்கள் கருகின, நடுவில் பச்சை வாடை போகவில்லை.

காளான் வதக்கும் பகுதி இதற்கு நேர்மாறானது. வாணலியை நிரப்பினால் நீராவி வெளியேற வழியின்றிக் காளான் வதங்காமல் வெந்துவிடும் என்பதை, இரண்டு வாணலிகளை அருகருகே வைத்துப் பொறுமையாகக் காட்டினார்கள். நான் ஒரே அடுக்காகப் பரப்பிச் செய்தபோது அதே நிறம் கிடைத்தது.

உப்பைக் கரண்டியில் சொல்லாமல் கிராமில் சொல்லியிருக்கலாம், ஏனெனில் கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை. பொறுமையுள்ளவர்களுக்கு இந்நிகழ்ச்சியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.