எஞ்சின் நின்றால்: ஸ்கைடைவிங் விமானங்கள், ஒரு மதிப்பீடு

ஸ்கைடைவிங் மையங்களைப் பற்றிய மதிப்புரைகளில் பயிற்றுநரின் பொறுமை, எடுத்துத் தந்த காணொளியின் தரம், காத்திருந்த நேரம் ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. குதிக்கும் உயரத்துக்கு நம்மைக் கொண்டுசெல்லும் விமானத்தைப் பற்றி ஒரு வரியேனும் காண்பது அரிது. அந்த விமானத்தையும் நாம் பணம் கொடுத்துப் பெறும் ஒரு சேவையாகக் கருதி, ஏறும் வழியில் எஞ்சின் நின்றுவிட்டால் அது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்ற ஒரே கேள்வியை வைத்து இங்கே எடைபோடுகிறேன். பாராசூட்தான் முதுகில் இருக்கிறதே என்ற பதில் ஓரளவு உயரத்துக்கு மேல்தான் செல்லுபடியாகும். ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்து முதல் 1,000 அடி வரை, பாராசூட் அணிந்தவரும் அணியாதவரும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

இந்த விமானங்களின் வேலை மற்ற சிறு விமானங்களின் வேலையைவிடக் கடினமானது. ஒரே சீரான வேகத்தில் நெடுந்தூரம் பறக்கும் வாய்ப்பு அவற்றுக்குக் கிடைப்பதில்லை. முழுச் சுமையுடனும் உச்ச விசையுடனும் ஏறுவது, ஆட்களை இறக்கிவிட்டு விசையைக் குறைத்து வேகமாகக் கீழே வருவது, அடுத்த குழுவை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்புவது என்று நாள் முழுவதும் இதே சுழற்சிதான். பிஸ்டன் எஞ்சினில் இந்தச் சூடும் குளிர்ச்சியும் சிலிண்டர்களைப் பதம்பார்க்கின்றன என்பது பழைய குற்றச்சாட்டு. அது எவ்வளவு உண்மை என்பதில் மெக்கானிக்குகளிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால், விசை குறைந்த இறக்கத்தில் கார்புரேட்டருக்குள் பனி உறைந்து எஞ்சின் திணறும் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. எடையைக் குறைப்பதற்காக எரிபொருளை அளவாக நிரப்பும் வழக்கமும் இருப்பதால், எந்தப் பழுதும் இல்லாத எஞ்சின்கூட எரிபொருள் தீர்ந்து நின்றுவிடக்கூடும்.

சிறிய மையங்களின் உழைப்பாளி, ஒரே பிஸ்டன் எஞ்சின் கொண்ட செஸ்னா 182 விமானம். விமானியுடன் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு 10,000 அடியை எட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். குளிரில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது யாருக்கும் இன்பமாக இருக்காது. ஆனாலும் எஞ்சின் நின்ற நிலையில் இதன் நடத்தை எனக்குப் பிடிக்கும். 1,000 அடி உயரத்திலிருந்து, காற்றில்லாத நாளில், ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் தூரம் மிதந்து செல்லும்; தரைதொடும் வேகமும் குறைவு. சமமான வயல் ஒன்று கிடைத்தால் உள்ளே இருப்பவர்கள் நடந்தே வெளியேற நல்ல வாய்ப்பு உண்டு. அவசரத் தரையிறக்கம் என்ற பெயர் மிரட்டினாலும், விமானம் கடைசி வரை விமானியின் கட்டுப்பாட்டில் இருந்தால் அது பெரும்பாலும் தப்பிக்கக்கூடிய நிகழ்வுதான். உயிரைப் பறிப்பது, மிகக் குறைந்த உயரத்தில் ஓடுபாதைக்கே திரும்ப முயன்று, வேகம் இழந்து, இறக்கை சாய்ந்து விழுவதுதான்.

செஸ்னா கேரவன், நியூசிலாந்தில் உருவான பேக் 750 எக்ஸ்எல் ஆகிய இரண்டும் பிடி6 வகை டர்பைன் எஞ்சின் ஒன்றை மட்டுமே கொண்டவை. சுமார் 15 பேரை ஏற்றிக்கொண்டு விரைவாக ஏறுகின்றன. நம்பகத்தன்மையில் பிஸ்டன் எஞ்சினைவிடப் பல படி மேலானவை. அதற்காக, நிற்கவே நிற்காது என்று சொல்லிவிட முடியாது. 2015 ஜனவரி 7 அன்று நியூசிலாந்தின் டாப்போ ஏரிக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு 750 எக்ஸ்எல் விமானத்தின் எஞ்சின் செயலிழந்தது. டேண்டம் பயணிகள் (பயிற்றுநருடன் சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிப்பவர்கள்) ஆறு பேரும் பணிக்குழுவினர் ஆறு பேரும் விமானியும் ஆகப் 13 பேரும் பாராசூட் மூலம் வெளியேறி உயிர்பிழைத்தார்கள். விமானம் ஏரியில் விழுந்தது. விமானியும் பாராசூட் அணிந்திருந்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அகலமான கதவு, தேவையான உயரம், பழகிய பயிற்றுநர்கள் என மூன்றும் அன்று ஒன்றாகக் கூடியிருந்தன. அந்த உயரம் மட்டும் வாய்க்காமல் போயிருந்தால் மற்ற இரண்டாலும் பெரிய பயன் இருந்திருக்காது.

இரண்டு பிடி6 எஞ்சின்களுடன் 20 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் ட்வின் ஆட்டரைப் பார்த்தவுடன் வாடிக்கையாளருக்கு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிக்கு முழு மதிப்பெண் கொடுக்க எனக்கு மனமில்லை. 1992 ஏப்ரல் 22 அன்று கலிபோர்னியாவின் பெரிஸ் வேலியில் 22 பேருடன் எழுந்த ட்வின் ஆட்டரில், நீர் கலந்த எரிபொருளால் ஓர் எஞ்சின் விசை இழந்தது. பழுதான எஞ்சினின் ப்ரொப்பெல்லருக்குப் பதிலாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் ப்ரொப்பெல்லர் தவறுதலாக, விமானத்தை இழுக்காத நிறுத்த நிலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 16 பேர் இறந்தார்கள். 2006 ஜூலை 29 அன்று மிசௌரியின் சல்லிவனில், டர்பைன் பிளேடுகள் முறிந்து ஒரு ட்வின் ஆட்டரின் வலப்பக்க எஞ்சின் செயலிழந்தது. மறு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தும் தேவையான வேகம் காக்கப்படாததால் விமானம் விழுந்து, எட்டுப் பேரில் ஆறு பேர் இறந்தார்கள். ஒரு பக்க எஞ்சின் மட்டும் இழுக்கும்போது விமானம் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போய்விட்டால் சுக்கானால் அதைத் தடுக்க இயலாது. அந்தச் சில நொடிகளில் சரியாக நடந்துகொள்ளும் பயிற்சி விமானிக்கு இல்லையென்றால், இரண்டாவது எஞ்சின் உதவியாக இல்லாமல் கூடுதல் ஆபத்தாக மாறிவிடுகிறது. எத்தனை எஞ்சின் என்று கேட்பதைவிட, ஓர் எஞ்சினை அணைத்து விமானி கடைசியாக எப்போது பயிற்சி செய்தார் என்று கேட்பதே பொருத்தமானது.

சல்லிவன் விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி, இருக்கைப் பட்டை பற்றியது. உடலை இன்னும் நன்றாகப் பிடித்து நிறுத்தும் பட்டை அமைப்பு விமானத்தில் இல்லாதது, குதிக்கச் சென்றவர்களில் சிலருக்கு ஏற்பட்ட காயங்களுக்குத் துணைபோனது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறிப்பிட்டது. ஸ்கைடைவிங் விமானங்களில் பெரும்பாலும் இருக்கைகள் இருப்பதில்லை. தரையிலோ நீண்ட பலகையிலோ, விமானத்தின் பின்புறத்தைப் பார்த்தபடி அமர்கிறோம். தரையுடன் இணைந்த பட்டையைப் பாராசூட் ஹார்னஸுக்குள் நுழைத்து மாட்டுவதே சரியான முறை. ஒரு பட்டையைவிட இருபுறமும் இரண்டு பட்டைகள் உடலை நன்றாகப் பிடித்து நிறுத்துகின்றன. நடைமுறையில் நான் கண்டது வேறு. நான் ஏறிய ஒரு மையத்தின் விமானத்தில் பட்டைகள் சுருட்டப்பட்டு ஓரமாகக் கிடந்தன. மாட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. மோதலில் கட்டப்படாத ஒருவர் தமக்கு மட்டும் தீங்கு செய்துகொள்வதில்லை. முன்னால் இருப்பவர்கள் மீதும் விமானி மீதும் போய் விழுகிறார். கையில் பிடித்திருக்கும் ஹெல்மெட்டுக்கும் இது பொருந்தும். மற்ற எல்லாம் சிறப்பாக இருந்தாலும், பட்டை மாட்டாமல் ஓடுபாதையில் ஓடும் விமானத்துக்கு நான் பாதி மதிப்பெண்ணைக் கழித்துவிடுவேன்.

குதிப்பதற்கு முந்தைய விளக்கவுரையில் விமான அவசரநிலை பற்றிச் சொல்லப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சுமார் 1,000 அடிக்குக் கீழே விமானத்துடனேயே இறங்குவது, அதற்கு மேல் சிறிது உயரம் வரை ரிசர்வ் என்னும் மாற்றுப் பாராசூட்டுடன் வெளியேறுவது, இன்னும் மேலே என்றால் முதன்மைப் பாராசூட்டைப் பயன்படுத்துவது என்பது அனுபவசாலிகளுக்கான பொதுவான வரிசை. டேண்டமுக்கு எல்லை இன்னும் உயரத்தில் இருக்கும். முடிவைச் சொல்ல வேண்டியவர் விமானி. மாணவர் செய்ய வேண்டியது பயிற்றுநர் சொற்படி நடப்பது மட்டுமே. பதற்றத்தில் எல்லோரும் பின்கதவை நோக்கி நகர்ந்தால் எடை மையம் பின்னுக்குப் போய், விமானத்தின் மூக்கு மேலெழுந்து, மிச்சமிருக்கும் வேகமும் போய்விடும். அதனால்தான் அசையாமல் முன்னோக்கி நெருங்கி அமரச் சொல்கிறார்கள். குறைந்த உயரத்தில் ரிசர்வ் பாராசூட்டைத் தானாகத் திறக்கும் கருவிகளையும் மறக்கக் கூடாது. மாணவர்களுக்கான சைப்ரஸ் கருவி நொடிக்கு 13 மீட்டர் இறங்கும் வேகத்திலேயே செயல்படக்கூடியது. ஆட்களுடன் திரும்பி இறங்கும் விமானி அவசரப்பட்டு மூக்கைத் தாழ்த்தினால், ரிசர்வ் பாராசூட் விமானத்துக்குள்ளேயே வெளிவந்துவிடலாம்.

பராமரிப்பை வாடிக்கையாளர் நேரில் சோதிக்க முடியாது என்பது இந்த மதிப்பீட்டின் பலவீனமான இடம். மேற்சொன்ன வாரியம் 2008-இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, 1980 முதல் ஸ்கைடைவிங் விமானங்களின் 32 விபத்துகளில் 172 பேர் இறந்ததாகக் கணக்கிட்டு, பராமரிப்புக் குறைபாடு, விமானிகளின் அடிப்படைத் திறன் குறைபாடு, அரசுக் கண்காணிப்பின் போதாமை ஆகியவற்றைத் திரும்பத் திரும்பத் தோன்றும் காரணங்களாகச் சுட்டியது. எண்ணெய் வழிந்த கறையையோ தேய்ந்த டயரையோ கண்ணால் பார்க்கலாம். டர்பைன் பிளேடைப் பார்க்க முடியாது. கடைசிப் பரிசோதனை எப்போது நடந்தது என்று கேட்டால் எரிச்சலின்றிப் பதில் சொல்லும் மையத்தையே நான் விரும்புகிறேன்.

இன்னொன்றை யாரும் மறைக்க முடியாது: ஓடுபாதை முடிந்த இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது. திறந்த வயல்கள் விரிந்துகிடந்தால் பழைய செஸ்னாவிலும் தயங்காமல் ஏறுவேன். அடர்ந்த மரங்களோ வீடுகளோ வேலிவரை நெருங்கி நின்றால், நேராக இறங்க இடமின்றி விமானி திரும்பத் தூண்டப்படுவார் என்பதால், எவ்வளவு புதிய கேரவனாக இருந்தாலும் அந்த மையத்தை என் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன்.