டேப் ஒட்டிய கேபிளும் களியக்காவிளை மெக்கானிக்கும்

புது டிவியில் படம் ஜோராக வந்தது. டிவி சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்க தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த ரிசீவரில்தான் சத்தமே இல்லை. டிவி வாங்கிய கடை கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து வந்த பையன், சத்தத்தை வெளிச்சமாகக் கொண்டுபோகும் ஆப்டிகல் கேபிளைச் செருகினான், நாலு பட்டனை அமுக்கினான், “போர்டு போயி டீச்சரே, சவுண்ட்பார் வாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

களியக்காவிளை சந்தைப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். போனும் எடுக்கவில்லை.

வந்தவர் ரிசீவரின் பின்னால் டார்ச் அடித்துவிட்டு, “இந்த டேப் எதுக்கு டீச்சர்?” என்றார். கேபிள் கழன்று கழன்று விழுந்ததால் நான்தான் ஒட்டியிருந்தேன். டேப்பைப் பிய்த்து, கேபிள் முனையிலிருந்து நகத்தால் எதையோ உருவி என் உள்ளங்கையில் வைத்தார். புளியங்கொட்டை அளவில், கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் மூடி. முனையில் தூசு படாமல் இருக்க, புதுக் கேபிளில் போட்டு வருவது. பையன் அதைக் கழற்றாமலே செருகியிருக்கிறான்! மூடி போனதும் முனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. செருகினால் ‘டக்’கென்று உட்கார்ந்தது.

சத்தம் வந்தது, ஆனால் முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கரில் மட்டும். டிவியில் ஆடியோ பிசிஎம் என்று இருந்தது, அதாவது டிவியே சத்தத்தை விரித்து அனுப்புவது. ஆப்டிகலில் அது இடது, வலது என்று இரண்டு சேனல்தான் போகுமாம். சத்தத்தைச் சுருக்கியபடியே ரிசீவருக்கு அனுப்பும் பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றியதும் பின்பக்கமும் பேசியது.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். “எச்டிஎம்ஐ இருக்கும்போது இது எதுக்கு?” என்று, படமும் சத்தமும் ஒரே வயரில் போகும் அதையும் ஆரம்பித்தார். டிவியின் சத்தத்தை அதே வயரில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது ஏஆர்சி. டிவியில் அப்படி எழுதிய துளையில் ஒரு முனை, மறுமுனை ரிசீவரின் ‘அவுட்’டில். சத்தம் ரிசீவருக்குள் வருகிறதே என்று நானாக இருந்தால் ‘இன்’னில்தான் செருகியிருப்பேன். ஏஆர்சி 2009-லேயே வந்த சங்கதி. எங்கள் எட்டு வயது ரிசீவரிலும் இருந்தது. இணைத்த கருவிகள் ஒன்றையொன்று இயக்கவிடும் சிஇசி-யை மெனுவில் ஆன் செய்ய வேண்டும். அது சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க் என்று வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும். அப்புறமும் வரவில்லை. டிவி, ரிசீவர் இரண்டின் கரண்ட் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒரு கட்டன் சாயா குடித்து முடித்துத் திரும்பப் போட்டார். வந்துவிட்டது. இப்போது டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டுகிறேன்.

கூலி 300 ரூபாய். பில் கேட்டால் சிரிக்கிறார். வயர்களைத் தொங்கவிட்டே போய்விட்டார், நான்தான் சுருட்டிக் கட்டினேன். அவருக்கு ஐந்துக்கு நான்கு மார்க், ஒன்று குறைத்தது போன் எடுக்காததற்கு.

மூடியை எறியவில்லை. அடுத்த தடவை எல்லை தாண்டும்போது அந்தக் கடையில் கொடுக்க வைத்திருக்கிறேன்.