பேஸ்பால் மைதானத்தில் அலுவலகக் கூட்டமா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

6,840 டாலர் போய்விட்டது. நேற்றுக் காலை பத்து மணிக்குச் சிகாகோ ரிக்லி ஃபீல்டின் சிவப்புப் பெயர்ப்பலகைக்குக் கீழே என்னையும் சேர்த்து அலுவலகத்தார் 24 பேர் நின்றோம். எங்கள் பெயரில் உள்ளே ஓர் அறையும் இல்லை.

ஏற்பாடு என்னுடையது. 1988 வரை இரவு ஆட்டத்துக்கு விளக்கே இல்லாதிருந்த மைதானம் அது. இன்றும் அங்கே பகல் ஆட்டங்கள் நிறைய, 1.20க்குத் தொடங்கிவிடும். காலையில் கூட்டம், மதியம் ஆட்டம், பொழுது சாய்வதற்குள் வீடு என்று கணக்குப் போட்டேன்.

குழு நிகழ்ச்சிகளுக்கு இடம் பிடித்துத் தரும் ஓர் இடைத்தரகு இணையதளத்தில் விவரம் பதிந்ததும் ஒருவர் அழைத்தார். மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று நான் கேட்கும் முன்பே விளக்கினார். பிறகு, "உங்களில் எத்தனை பேர் சைவம்?" என்றார். இந்த ஊரில் பதினொரு வருடமாக விருந்துகளுக்கு ஏற்பாடு செய்கிறேன். அதை யாரும் தாமாகக் கேட்டதில்லை. அந்த இடத்தில்தான் நம்பினேன். தலைக்கு 300 டாலர், வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி என்றார். நிறுவனம் பிறகு கொடுத்துவிடும் என்று என் சொந்தக் கணக்கிலிருந்தே 6,840 டாலர் அனுப்பினேன்.

டிக்கெட் எங்கே என்றால், "எல்லாம் கைப்பேசிக்கு வரும், இரண்டு நாள் முன்னால்" என்றார். கைப்பேசி டிக்கெட்தான் இப்போதைய நடைமுறை என்பதால் அதையும் நம்பினேன். பிறகு சர்வர் கோளாறு என்றார். முந்தின இரவு, "வாசலில் பெயரைச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

வாசல் ஊழியர் மூன்று முறை தேடிப் பார்த்தார், பாவம். அங்கிருந்தே தளத்தை அழைத்தேன். இருபது நிமிடம் இசை ஓடிய பிறகு ஒரு பெண் எடுத்து, என்னிடம் பணம் வாங்கியவர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்றார். நான் கட்டியது அறைக்கான பணமே இல்லையாம், அறை கிடைக்குமா என்று விசாரிப்பதற்கான கட்டணமாம்! வேண்டுமானால் அடுத்த பருவத்துக்கு வரவு வைக்கிறார்களாம். அதன்பின் யாரும் எடுக்கவில்லை. மேலாளர் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லோரையும் பக்கத்து உணவகத்துக்கு அழைத்துப் போனார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. ஒவ்வொரு அணிக்கும் குழு விற்பனைப் பிரிவு இருக்கிறது, நேராக அவர்களிடமே பேசுங்கள். அறை, டிக்கெட், சாப்பாடு எது எந்தத் தொகையில் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். கார்டு பில் வந்த 60 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கச் சட்டம் இடம் தருகிறது. என் வங்கியிலோ, "நீங்களாக அனுப்பிய பணம்" என்று கையை விரித்துவிட்டார்கள். நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான கூட்டாட்சி வணிக ஆணையத்தில் (FTC) புகார் பதிந்திருக்கிறேன்.

நேற்றிரவும் அந்தத் தளத்தில் அதே அறையின் படம் இருந்தது, இன்னும் இரண்டே தேதிகள்தான் மீதம் என்ற வரியோடு.