600 டொலர் அலுமினியப் படகு: ஆறு கோடை ஓட்டிய பிறகு

பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கித் திருத்தலாமா என்று கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் எழுதி வைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓட்டையை அடைத்த வேலைகள் எல்லாம் ஆறு வருடமாக நிற்கின்றன. ஆசைப்பட்டுப் பூட்டியவற்றில் முக்கால்வாசியை நானே கழற்றி எறிந்துவிட்டேன்.

2018 செப்டம்பரில் கனடாவில், ஒன்ராறியோவின் பீற்றர்பரோ பக்கம் ஒரு பண்ணைவீட்டின் பின்வளவில் கிடந்தது. 14 அடி, ரிவெட் என்கிற ஆணிகளால் தகடுகளைச் சேர்த்தடித்த உடம்பு, அடி V வடிவம், குறுக்கே மூன்று வாங்கு (உட்காரும் இருக்கை), ட்ரெயிலரோடு சேர்த்து 600 டொலர். விற்றவர் 'கொஞ்சம் ஒழுகும்' என்றார். படகு விற்கிறவர்கள் எந்த ஊரிலும் கொஞ்சம் என்றுதான் சொல்வார்கள். ஸ்காபரோவுக்கு இழுத்து வந்து வீட்டு வாசலில் விட்டதும் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வல்வெட்டித்துறையில் மரவள்ளங்களோடு வளர்ந்த மனிதர். அடியில் கையைத் தடவிப்போட்டு, "உதுக்கு எங்கையடா கலப்பத்து அடிக்கிறது?" என்று கேட்டார். பலகையும் பலகையும் சேரும் இடத்தில் பஞ்சு திணிப்பதுதானே கலப்பத்து, அலுமினியத்துக்கு அது ஏது என்று சிரித்தேன். பிறகு யோசித்தால் முழு வேலையுமே அதுதான், பஞ்சுக்குப் பதிலாக ரிவெட்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கப் படகைத் தண்ணீரில் விட வேண்டாம், தண்ணீரைப் படகுக்குள் விடுங்கள். ட்ரெயிலரில் வைத்தபடியே தோட்டக்குழாயால் நிரப்பி, கீழே படுத்துக்கொண்டு எங்கே சொட்டுகிறதோ அங்கே மார்க்கரால் வட்டம் போடுவதுதான் முறை. ஒரு சாண் ஆழத்துக்கு மேல் விடாதீர்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ, 300 லீற்றர் என்றால் நாலு பேர் படகுக்குள் ஏறி இருப்பது மாதிரி, ட்ரெயிலரின் தாங்குபலகைகளுக்கு இடையில் அடித்தகடு தொய்ந்துவிடும். எனக்கு 43 வட்டம் வந்தது. ஏராவை, அதாவது அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பை, ஒட்டிய வரிசையில்தான் பாதிக்கு மேல், வருடக்கணக்கில் கரையில் இழுத்த இழுப்பில் அவை தளர்ந்திருக்க வேண்டும்.

தளர்ந்த ரிவெட்டை மாற்றத் தேவையில்லை, பெரும்பாலும் திரும்ப அடித்து இறுக்கினால் போதும். வெளியே ஒருவர் கனமான இரும்புக் கட்டையை ரிவெட்டின் தலையில் அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் அதன் வாலில் சுத்தியலால் நாலு அடி. தனியாளாகச் செய்ய முடியாத வேலை. மச்சான் கட்டை பிடித்தான், நான் அடித்தேன், கராஜுக்குள் கோயில் மணி மாதிரிச் சத்தம், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். 32 இறுகின. மிச்சம் 11 இறுகவில்லை, துளை போட்டு எடுத்துப் புதிது அடித்தோம். இந்த இடத்தில் கடையில் விற்கும் சாதாரண பொப் ரிவெட்டைப் போட்டுவிடாதீர்கள், அதன் நடு ஓட்டை, தண்ணீர் அதுவழியே வரும். நீர்மட்டத்துக்குக் கீழே திண்ம ரிவெட், அது முடியாவிட்டால் முனை மூடிய வகை. இரண்டுக்கும் கடல்வேலைக்கான சீலன்ட் தொட்டு அடிக்க வேண்டும். நான் த்ரீஎம் 5200 பாவித்தேன். நல்ல பசை, ஆனால் நிரந்தரப் பசை. என்றைக்காவது கழற்ற வேண்டிய எதற்கும் அதைப் பூசாதீர்கள், என் மீன்காட்டிக் கருவியின் அடித்தாங்கியைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

வாங்குகளுக்குள்ளே மிதப்புக்காக அடைத்திருந்த ஃபோம் தண்ணீர் குடித்துக் கல்லு மாதிரி இருந்தது. தோண்டி எடுத்துக் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்று வாங்கிலும் சேர்த்து 38 கிலோ. படகு ஏன் பின்பக்கம் இருத்திக்கொண்டு ஓடுகிறது என்று மோட்டாரைத் திட்டுகிறவர்கள் முதலில் வாங்கைத் திறந்து பாருங்கள். பதிலாக வீட்டுச் சுவருக்குப் போடும் இளஞ்சிவப்பு ரிஜிட் ஃபோம் பலகையை வெட்டி அடுக்கினேன், அது தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு, போன வருடம் திறந்து பார்த்தபோதும் காய்ந்துதான் இருந்தது. ஃபோமே வேண்டாம் என்று சும்மா விட்டுவிடாதீர்கள். படகு நிரம்பினாலும் முழுசாகத் தாழாமல் மிதக்க வைப்பது அதுதான்.

நடு வாங்கின் கீழே, ஊறிய ஃபோமுக்கு அடியில், ஒரு பழைய ஒரு சதக் காசு. அதை எடுத்தால் கீழே தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை! 1996 வரை கனடாவின் ஒரு சதக் காசில் கிட்டத்தட்ட முழுக்கச் செம்புதான். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் பற்றரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். காசைப் பார்த்துச் சிரித்தேன். அதே பிழையை ஆளுயரத்தில் நானே செய்துகொண்டிருந்தது அப்போது தெரியாது.

அந்தக் கதை ட்ரான்சத்தில். மோட்டார் தொங்கும் பின்பலகையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், வெளியே அலுமினியம், உள்ளே மரம். என்னுடையதில் மரம் உழுத்து, ஸ்க்ரூட்ரைவரால் குத்தினால் கேக் மாதிரி இறங்கியது. மரக்கடையில் இருந்தவர் 'உழுக்காத பலகை' என்று மருந்து ஏற்றிய பிளைவுட்டைக் காட்டினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அளவெடுத்து வெட்டி, இரண்டைச் சேர்த்து ஒட்டி, போல்ட் போட்டு இறுக்கி, 2019 கோடைக்குத் தண்ணீரில் இறக்கினேன். இரண்டு கோடை ஒரு குறையும் இல்லை. 2021 வசந்தத்தில் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைத் தூள். சுரண்டினால் தூளின் கீழே அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாகத் தகடு. அந்தப் பலகையில் ஏற்றும் மருந்தே செம்புதான். முன்பு ஆர்சனிக் கலந்த மருந்து இருந்தது, 2003 முடிவோடு வீட்டுப் பாவனைக்கு அதை நிறுத்தினார்கள், பதிலுக்கு வந்தவற்றில் செம்பு இன்னும் அதிகம். காசு ஒன்று ஒரு ஓட்டை போட்டது என்றால் நான் ஒரு முழுப் பலகையையே கட்டிவிட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கழற்றினேன். குழி விழுந்த இடத்துக்கு உள்ளே ஒரு புதுத் தகடு வைத்து ரிவெட் அடித்தேன். இந்த முறை மருந்தில்லாத மரைன் பிளைவுட், முக்கால் அங்குலத்தில் இரண்டு, எப்பொக்சியால் ஒட்டி, விளிம்பு முழுக்க மூன்று பூச்சு. மோட்டார் போல்ட் போகும் துளைகளைப் பெரிதாகப் போட்டு, எப்பொக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவே திரும்பத் துளைத்தேன், அப்போதுதான் போல்ட் வழியே வரும் தண்ணீர் மரத்தைத் தொடாது. அலுப்புப் பிடித்த வேலை, ஆனால் நாலு கோடை முடிந்தும் சத்தமில்லை. ட்ரெயிலரின் தாங்குபலகையையும் பாருங்கள், அதுவும் பல இடங்களில் மருந்து ஏற்றியதுதான், ஈரக் கார்ப்பெட்டைச் சுற்றிக்கொண்டு வருடம் முழுக்கப் படகின் அடியில் ஒட்டிக் கிடக்கும்.

பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அலுமினியத்தில் எட்ச் ப்ரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால் தோல் உரிவது மாதிரி உரியும். ப்ரைமர் அடித்தும் ட்ரெயிலரில் உரசும் இடமெல்லாம் இரண்டாம் வருடமே போய்விட்டது. நன்னீரில் ஓடும் படகின் அடியை வெறுமனே விட்டாலே போதும், அலுமினியம் தானே தன் மேல் ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். உள்ளே மட்டும் வெளிர்சாம்பல் அடியுங்கள், வெயிலில் கண் கூசாது.

அப்புறம் என் பெருமைக்குரிய முன்தளம். காணொளிகளில் பார்த்துப் பார்த்து அணியத்தில் நின்று தூண்டில் வீசுகிற மாதிரி ஒரு தளம் கட்டினேன், அரை அங்குலப் பலகை, மேலே சாம்பல் கார்ப்பெட், கீழே தூண்டில் பெட்டி வைக்க மூடியோடு அறை. வாசலில் நின்றபோது பத்தாயிரம் டொலர்ப் படகு மாதிரி இருந்தது. ஸ்கூகொக் ஏரியில், ஆழமில்லாத அமைதியான தண்ணீரில், உண்மையாகவே சுகம். சிம்கோவுக்குப் பேர்ச் மீன் பிடிக்கக் கொண்டுபோன அன்று மதியத்துக்குப் பிறகு காற்று மாறியது. நல்ல பெரிய ஏரி அது, 700 சதுர கிலோமீற்றருக்கு மேல், நம்மூர்ச் சோளகக் காற்று மாதிரி அலையைக் குறுக்காகத் தூக்கிப் போடும். உயரத்தில் நின்ற மச்சான் ஆட, படகு ஆட, அவன் சட்டென்று மண்டியிட்டு, "இதைக் கழற்றடா, நாளைக்கே கழற்று" என்றான். இந்த மாதிரிப் படகுகளை வாங்கில் குந்தியிருக்கிற ஆட்களுக்காகக் கட்டியிருக்கிறார்கள், பாரத்தை மேலே ஏற்றினால் அது பழக்கமில்லாத கழுதை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும், நீங்கள் பூட்டுகிற பலகையும் அந்தக் கிலோவுக்குள்தான் வரும். கார்ப்பெட் வேறு காயவே காயாது, மீன் நாற்றம் போகாது, முக்கொளுவி (மூன்று முனைத் தூண்டில்முள்) மாட்டினால் கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். 2022 இலையுதிர் காலத்தில் தளம் குப்பைக்குப் போனது. இப்போது தரையில் மட்டும் மெல்லிய பலகை, அதன் மேல் வினைல் விரிப்பு, வாளியால் தண்ணீர் ஊற்றினால் சுத்தம்.

நல்ல வேளை நடு வாங்கை வெட்டவில்லை. இடம் கிடைக்கும் என்று நிறையப் பேர் வெட்டுகிறார்கள். இரண்டு பக்கத் தகடும் விரிந்து போகாமல் பிடித்திருப்பது அந்த வாங்குதான்.

மோட்டார் 1980களின் இரண்டு ஸ்ட்ரோக் 9.9 குதிரைவலு, பெற்றோலில் 50க்கு 1 எண்ணெய்க் கலவை, 700 டொலர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர்ப் பம்பின் இம்பெலர் என்ற சுழல்சக்கரம், வருடா வருடம் கியர் எண்ணெய், வேறு செலவில்லை. 9.9 என்பதில் ஒரு வசதி, 10 குதிரைவலுவுக்குக் கீழே என்றால் படகுக்கு உரிம எண் எடுக்கத் தேவையில்லை. ஆனால் ஓட்டுகிறவரிடம் ஓட்டுநர் அட்டை இருந்தே ஆக வேண்டும், மோட்டார் எவ்வளவு சின்னதென்றாலும். ஒன்ராறியோவில் 2022 ஜனவரியிலிருந்து இன்னொன்று: ஏரியிலிருந்து ஏற்றியதும் வீதிக்கு வருமுன் அடித்தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டிய பாசியைப் பிடுங்க வேண்டும். கழற்றிய தக்கையைக் கார்ச் சாவியோடு கோத்துவிடுங்கள். தக்கை போடாமல் இறக்கிய ஆட்களில் நானும் ஒருவன், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

மின்சார வேலையில் ஒரே ஒரு விஷயம்: எதிர்முனைக் கம்பியைப் படகின் உடம்பில் இணைக்காதீர்கள். கார் மாதிரி நினைத்துச் செய்வார்கள், தகடு அரிக்கத் தொடங்கும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு கம்பி, பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ்.

காசு மிச்சமா என்றால் இல்லை. ட்ரான்சத்தை இரண்டு தரம் செய்தது, குப்பைக்குப் போன தளம் எல்லாம் சேர்த்து 4000 டொலரைத் தாண்டிவிட்டது, அந்தக் காசுக்குத் தண்ணீரில் இறக்கத் தயாரான நல்ல பழைய படகு ஒன்று மோட்டாரோடு கிடைத்திருக்கும். வேலை செய்யப் பிடிக்காதவர்கள் அதை வாங்குங்கள், வெட்கமில்லை.

இந்த வசந்தத்துக்கும் வழக்கம்போல் வாசலில் வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மூன்று வட்டம், மூன்றும் 2018இல் கைவைக்காத பழைய ரிவெட்டுகள். அப்பாவுக்கு இப்போது குனிய முடியாது, கதிரையைப் போட்டு அமர்ந்து கைத்தடியால் நாலாவது ஒன்றைக் காட்டினார், நான் கவனிக்கவே இல்லை. மச்சான் சனிக்கிழமை இரும்புக் கட்டையோடு வருகிறான்.