சி.என்.சி. ரூட்டரில் லேசர் பொருத்தப் போகிறவர்களுக்கு: ‘40 வாட்’ என்ற எண்ணை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

அம்பாசமுத்திரத்துக்கு அருகே சிறிய மரவேலைப் பட்டறை நடத்தி வருகிறேன். மரச்செப்புப் பெட்டிகளும் வீட்டுப் பெயர்ப்பலகைகளும் சி.என்.சி. ரூட்டரில், அதாவது கணினி சொல்லும் வழியில் சுழலும் பிட்டை ஓட்டி மரத்தைக் குடையும் இயந்திரத்தில், செதுக்கிக் கொடுப்பது என் தொழில். பெட்டி மூடியில் குழந்தையின் பெயரைப் பொடி எழுத்தில் பொறித்துத் தரும்படி கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனதால், ரூட்டர் பிட் நுழையாத அந்த நுணுக்கத்துக்கு லேசர்தான் வழி என்று முடிவு செய்து, கடந்த ஆடி மாதம் இவ்வேலையைச் செய்து தருவதாகச் சொன்ன திருநெல்வேலி வியாபாரி ஒருவரிடம் 28,500 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டபோது, பில் போட்டால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனியாக ஆகும் என்றார். அதற்கு இசைந்தது என் முதல் தவறு.

பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் மாட்டும் நீல ஒளி லேசர் அது; டையோடு என்ற சிறு மின்னணுச் சில்லுதான் அதில் ஒளியை உண்டாக்கும். 40 வாட் என்றும், 6 மி.மீ. பிளைவுட்டை ஒரே ஓட்டத்தில் அறுக்கும் என்றும், கண்ணாடி போன்ற அக்ரிலிக்கையும் வெட்டும் என்றும் அவர் உறுதி கூறினார். என் பட்டறையிலோ 3 மி.மீ. பிளைவுட் ஏழு முறை ஓட்டியும் முழுதாக அறுபடாமல் ஓரம் கரிந்து நின்றது. நிறமற்ற அக்ரிலிக்கில் ஒரு கீறலும் விழவில்லை. விழவும் விழாது, ஏனெனில் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். அதை வெட்ட 10,600 நானோமீட்டரில் இயங்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர் வேண்டும். பி.வி.சி. பலகையையும் வெட்டலாம் என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் இருந்தது. பி.வி.சி.யை லேசரால் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும் என்பதை முன்பே படித்திருந்ததால், நல்லவேளையாக அதைத் தொடவில்லை.

சந்தேகம் வந்து அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 24 வாட்; உள்ளே போகும் மின்சாரமே அவ்வளவுதான் என்றால் 40 வாட் ஒளி எங்கிருந்து வெளியே வரும்? டையோடு தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் ஒளியாக்கும். மீதி வெப்பமாகப் போகும், அதைத் தணிக்கத்தான் மின்விசிறி வைத்திருக்கிறார்கள். மரத்தை அறுப்பது ஒளியின் வாட்தானே தவிர, பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் அல்ல. இதைத் தொலைபேசியில் கேட்டதற்கு, “அண்ணாச்சி, அதெல்லாம் சும்மா லேபிளு, எல்லாரும் அப்படித்தான் போடுதாவ” என்று பதில் வந்தது.

பணத்தைவிட என்னைக் கலங்க வைத்தது அவருடைய ஆள் செய்த வயரிங்தான். லேசரின் வலிமையைக் கூட்டிக் குறைப்பதற்கென்று பி.டபிள்யூ.எம். சிக்னல் வயர் ஒன்று உண்டு. அதை இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர் போர்டில் சேர்க்காமல், ஸ்பிண்டிலைப் போட்டு அணைக்கும் ரிலே என்ற சுவிட்ச் வழியாக எரி, அணை என்ற இரண்டே நிலைகளில் இயங்கும்படி வைத்துவிட்டுப் போனார். தமிழ் எழுத்தெல்லாம் வளைவு; ‘ழ’, ‘ணை’ போன்றவற்றின் திருப்பங்களில் இயந்திரம் வேகம் குறையும்போது லேசர் மட்டும் முழு வலிமையோடு எரிந்ததால், நேர்கோடுகள் பொன்னிறமாகவும் வளைவுகள் கருகிப் பள்ளமாகவும் வந்தன. என் போர்டில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். 1.1 மென்பொருளில் லேசருக்கென்றே ஒரு முறை இருக்கிறது. சிக்னல் வயரை முறையாகச் சேர்த்து, டாலர் 32 ($32) என்ற அமைப்பை 1 என மாற்றி, லேசரை எரியவிடும் எம்4 (M4) கட்டளையில் ஓட்டினால், வேகம் குறையும்போது ஒளியும் தானாகவே குறையும். இதைப் பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

அதைவிடக் கொடுமை, எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான் மோட்டார்களுக்கு மட்டும் மின்சாரத்தைத் துண்டித்தது. லேசரின் அடாப்டரோ சுவரில் வேறு பிளக்கில் இருந்தது. ஒரு நாள் பலகை நகர்ந்துவிட, என்னோடு வேலை பார்க்கும் அக்காள் மகன் பதறிப் பொத்தானை அழுத்தினான். இயந்திரம் நின்றது, லேசர் நிற்கவில்லை. ஒரே புள்ளியில் எரிந்து பலகை தீப்பற்றியது. கையருகே ஈரச் சாக்கு இருந்ததால் அணைத்தோம். மரத்தூள் குவிந்து கிடக்கும் பட்டறை அது.

அன்று அவன் போட்டிருந்தது அந்த வியாபாரி கொடுத்த பச்சைப் பிளாஸ்டிக் கண்ணாடி. எந்த அலைநீளத்துக்கானது, எவ்வளவு ஒளியைத் தடுக்கும் என்ற எந்தக் குறிப்பும் அதில் இல்லை. லேசர்ப் புள்ளி அதன் வழியே கண் கூசத் தெரிந்ததாக அவன் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே உறைத்தது. இரண்டு நாள் கண்ணில் நீர் வடிந்ததால் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். விழித்திரைக்குப் பாதிப்பில்லை என்று அவர் சொல்லும் வரை அக்காள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இவ்வகை லேசரின் ஒளி மரத்தில் பட்டுச் சிதறி வந்தாலும் கண்ணைக் கெடுக்கக்கூடியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன்; 4,000 ரூபாய் தருவதாகச் சொன்னவர் அதன் பின் அழைப்பை எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் செய்திகளும் என்னிடம் இருக்கின்றன.

லேசர் வாங்க நினைப்பவர்கள், ஒளியின் வாட் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் மரத்தை எடுத்துக்கொண்டு போய் உங்கள் கண்முன் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பொருத்தி முடித்த அன்றே எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை அழுத்தி லேசரும் அணைகிறதா என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். கழற்றிய லேசரையும் தீப்பிடித்த பலகையையும் சான்றுக்காகப் பட்டறையில் எடுத்து வைத்திருக்கிறேன். நெல்லை, தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.