ஏசி/டிசியின் விட்டுப்போன பாட்டுகள்: மூன்று தொகுப்பில் எது உங்களுக்கு?

ஆஸ்திரேலிய ராக் குழுவான ஏசி/டிசியின் பாட்டு எல்லாமே தன்னிடம் இருக்கிறது என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘ஸ்கூல் டேஸ்’ இருக்கிறதா? சக் பெர்ரியின் பாட்டு, குழுவின் அன்றைய பாடகர் பான் ஸ்காட் குரலில். 1975 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் வந்த ‘டி.என்.டி.’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. உலகம் முழுக்க விற்கும் ஆல்பங்களை முதலிலிருந்து கடைசி வரை அடுக்கி வைத்திருந்தாலும் இது சிக்காது.

ஓட்டை விழுந்த இடம் எளிது. ஆஸ்திரேலியாவில் இவர்களுடைய தட்டுகளை வெளியிட்டது ஆல்பர்ட் புரொடக்ஷன்ஸ், வெளியுலகத்துக்கு அட்லான்டிக். 1975இல் சிட்னியில் வந்தவை இரண்டு ஆல்பங்கள்: பிப்ரவரியில் ‘ஹை வோல்டேஜ்’, டிசம்பரில் ‘டி.என்.டி.’ அடுத்த வருஷம் அட்லான்டிக் இரண்டையும் ஒன்றாகச் சுருக்கி, முதலாவதிலிருந்து இரண்டு, இரண்டாவதிலிருந்து ஏழு என்று பொறுக்கி, பெயரை மட்டும் ‘ஹை வோல்டேஜ்’ என்றே வைத்துவிட்டது. ஒரே பெயரில் இரண்டு வேறு ஆல்பங்கள். அதற்குப் பிறகும் ‘டர்ட்டி டீட்ஸ்’, ‘லெட் தேர் பி ராக்’, ‘பவரேஜ்’ என்று ஒவ்வொன்றிலும் நாட்டுக்கு நாடு பாட்டுகளை மாற்றிக்கொண்டே வந்தார்கள். போதாக்குறைக்கு ஆல்பத்தில் சேராத பி-சைடுகள் (ஒற்றைப் பாட்டுத் தட்டான சிங்கிளின் பின்பக்கப் பாட்டுகள்) வேறு.

இந்த ஓட்டைகளை அடைக்க வந்தவை மூன்று: 1984இன் ‘74 ஜெயில்பிரேக்’, 1997இன் ‘பான்ஃபயர்’, 2009இன் ‘பேக்ட்ராக்ஸ்’. ஒன்றை வாங்கினால் மற்றது தேவையில்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஸ்டூடியோப் பாட்டுகளைப் பொறுத்தவரை மூன்றும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று விழாது. ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும்.

‘74 ஜெயில்பிரேக்’: ஐந்தே பாட்டு

பெயரே தப்பு. ‘ஜெயில்பிரேக்’ 1976 பாட்டு. மற்ற நான்கும்தான் 1974 நவம்பரில் ஆல்பர்ட் ஸ்டூடியோவில் பதிவானவை, ஆஸ்திரேலிய ‘ஹை வோல்டேஜ்’ ஆல்பத்தைச் சேர்ந்தவை: ‘யூ எய்ன்ட் காட் எ ஹோல்ட் ஆன் மீ’, ‘ஷோ பிசினஸ்’, ‘சோல் ஸ்ட்ரிப்பர்’, ‘பேபி ப்ளீஸ் டோன்ட் கோ’. மொத்தம் சுமார் 24 நிமிடம்.

தயாரிப்பு ஹாரி வாண்டாவும் ஜார்ஜ் யங்கும். அப்போது குழு இன்னும் கெட்டிப்படவில்லை. பெரும்பாலான பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர் வெளியாள் டோனி கரென்டி. பேஸ் பல இடங்களில், குழுவின் கிதார்காரர்கள் மால்கம், ஆங்கஸ் இருவருக்கும் அண்ணனான ஜார்ஜ் யங்கே. பிறகு டிரம்ஸுக்கு வந்த ஃபில் ரட்டின் இறுகிய அடிக்குப் பழகிய காதுக்கு இது கொஞ்சம் தளர்வாகத்தான் கேட்கும். மாஸ்டரிங் (தட்டு போடுமுன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலை) கோளாறு என்று நினைத்து வேறு பதிப்பு தேட வேண்டாம், அடித்ததே அப்படித்தான்.

‘சோல் ஸ்ட்ரிப்பர்’ கேட்கும்போது ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ரிதமோடு நின்றுவிட்ட மால்கம் இதில் ஆங்கஸுக்குச் சரிசமமாக லீட் வாசிக்கிறார். தம்பி ஒரு வரி, அண்ணன் ஒரு வரி என்று மாறி மாறிப் போகும். ‘பேபி ப்ளீஸ் டோன்ட் கோ’ 1930களின் ப்ளூஸ் பாட்டு, பிக் ஜோ வில்லியம்ஸுடையது. பான் ஒரு அடி பாட, கிதார் அதையே திருப்பிச் சொல்லும். பான் பள்ளிச் சிறுமி வேஷத்தில் ‘கவுண்ட்டவுன்’ டிவி நிகழ்ச்சிக்கு வந்து பாடியது இதைத்தான்.

‘பேக்ட்ராக்ஸ்’: எந்தப் பதிப்பு என்பதுதான் கேள்வி

இதில் இரண்டு பதிப்பு. சாதாரணப் பதிப்பில் இரண்டு சிடி, ஒரு டிவிடி. டீலக்ஸில் மூன்று சிடி, இரண்டு டிவிடி, ஒரு எல்பி, 164 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகம். இத்தனையும் அடங்கிய பெட்டியே நிஜமாக வேலை செய்யும் 1 வாட் கிதார் ஆம்ப்ளிஃபயர்.

ஆம்ப் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சாதாரணப் பதிப்பின் ஸ்டூடியோ சிடியில் 12 பாட்டு, டீலக்ஸில் 18. கூடுதலாக வரும் ஆறும் ‘ஹை வோல்டேஜ்’, ‘இட்ஸ் எ லாங் வே டு தி டாப்’, ‘ராக்கர்’, ‘டர்ட்டி டீட்ஸ்’, ‘எய்ன்ட் நோ ஃபன்’, ‘ஹூ மேட் ஹூ’. எல்லாம் தெரிந்த பாட்டுகளின் பழைய வடிவமோ நீளமான வடிவமோதான். புதுப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ‘டர்ட்டி டீட்ஸ்’ கடைசியில் தலைப்பைக் கோஷம்போடும் இடம் சுமார் 20 நொடி நீளும். ‘எய்ன்ட் நோ ஃபன்’ அரை நிமிடம் கூடும். ‘ஹூ மேட் ஹூ’ 12 அங்குலத் தட்டுக்கான நீட்டிப்பு. எல்பியில் இருப்பதும் அதே ஸ்டூடியோ அபூர்வங்கள்தான். ஆக டீலக்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு இன்னொரு லைவ் சிடிக்கும், 2003 ஜூனில் மியூனிக் சர்க்கஸ் க்ரோனேயில் நடந்த கச்சேரி டிவிடிக்கும், அந்தப் பெட்டிக்கும். பழைய டீலக்ஸ் வாங்குவதாக இருந்தால் கிதார் கேபிளைச் செருகி ஆம்பில் சத்தம் வருகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி அந்த 12 பாட்டு. ‘ஸ்டிக் அரவுண்ட்’, ‘லவ் சாங்’ இரண்டும் ஆஸ்திரேலிய ‘ஹை வோல்டேஜ்’ மிச்சம். ‘லவ் சாங்’ இந்தக் குழு செய்த வேலையிலேயே ஒட்டாத ஒன்று, உருகி உருகிப் பாடும் காதல் பாட்டு. சிங்கிளின் முன்பக்கம் இதுதான், ஆனால் ரேடியோக்காரர்கள் பின்பக்கத்து ‘பேபி ப்ளீஸ் டோன்ட் கோ’வைத்தான் ஓடவிட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள். ‘ஃப்ளிங் திங்’ ‘ஜெயில்பிரேக்’ சிங்கிளின் பி-சைடு. இரண்டு நிமிடத்தைத் தொடாத ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டு, லாக் லோமண்ட். யங் சகோதரர்களுக்கும் பானுக்கும் ஸ்காட்லாந்துதான் பிறந்த மண். ‘கேரி மீ ஹோம்’ 1977இன் ‘டாக் ஈட் டாக்’ சிங்கிளின் பின்பக்கம். குடித்துவிட்டுத் தள்ளாடும் ஆள் பாதி பேச்சு பாதி பாட்டாக உளறுவது. ‘க்ராப்சோடி இன் ப்ளூ’, கெர்ஷ்வினின் ‘ராப்சோடி இன் ப்ளூ’ பெயரைத் திரித்து, அந்தரங்கத்தில் ஒட்டும் பேனைப் பற்றிப் பாடும் மெதுவான ப்ளூஸ். ‘லெட் தேர் பி ராக்’ ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பில் இதைத் தூக்கிவிட்டு ‘ப்ராப்ளம் சைல்ட்’ பாட்டைப் போட்டார்கள்.

சிடியின் உச்சம் ‘கோல்ட் ஹார்ட்டட் மேன்’. 1978இன் ‘பவரேஜ்’ ஆல்பத்துடைய முதல் ஐரோப்பியத் தட்டுகளில் இருந்து, பிறகு காணாமல் போனது. நடு வேகம், இடைவெளி விட்டு விட்டு விழும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு), அந்த இடைவெளிக்குள் நுழைந்து கதை சொல்லும் பான். இதை எப்படித்தான் விட்டுவிட மனசு வந்ததோ.

பானுக்குப் பிறகு பாட வந்த பிரையன் ஜான்சன் காலத்துப் பாட்டுகளில் அந்த ஆதங்கம் வராது. ‘ஸ்னேக் ஐ’ 1988இன் ‘ஹீட்சீக்கர்’ பி-சைடு, ‘பாரோட் டைம்’ 1990இன் ‘மனிடாக்ஸ்’ பி-சைடு, கூடவே ‘டவுன் ஆன் தி பார்டர்லைன்’. மூன்றுமே ஆல்பத்துக்கு வெளியே நின்றதில் நியாயம் இருக்கிறது. ‘பிக் கன்’ வேறு ரகம். 1993இல் ஷ்வார்ஸ்நெகரின் ‘லாஸ்ட் ஆக்ஷன் ஹீரோ’ படத்துக்காக ரிக் ரூபின் தயாரிப்பில் வந்தது, குழுவின் சொந்த ஸ்டூடியோ ஆல்பம் எதிலும் இல்லை. ‘சைபர்ஸ்பேஸ்’ 2000இன் ‘சேஃப் இன் நியூயார்க் சிட்டி’ சிங்கிளோடு வந்தது. வேகம் உண்டு, அவ்வளவுதான்.

லைவ் சிடியைப் பலர் ஒரு தடவை ஓட்டிவிட்டு மூடிவிடுவார்கள். டிரம்ஸ் கேட்பவர்களுக்கு அது பாடப் புத்தகம். 1979 ஹாமர்ஸ்மித், 1981 லேண்டோவர் என்றால் ஃபில் ரட். 1983 டெட்ராய்ட், 1985 டாலஸ் என்றால் சைமன் ரைட். 1991 டானிங்டன் என்றால் கிறிஸ் ஸ்லேட். ரட் அடியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போடுவார். ரைட் நேராக, சீராகப் போவார். ஸ்லேட் கனமாக இறக்குவார். அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் ஐந்தே நிமிடத்தில் வித்தியாசம் பிடிபடும்.

‘பான்ஃபயர்’: ஐந்து சிடியில் ஒரு சிடி

1980 பிப்ரவரி 19இல் இறந்துபோன பானுக்கு 17 வருஷம் கழித்துச் செலுத்திய அஞ்சலி இது. தனி ஆல்பம் போட்டால் இந்தப் பெயர்தான் வைப்பேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த பெயர். முதல் சிடி 1977 டிசம்பர் 7இல் நியூயார்க் அட்லான்டிக் ஸ்டூடியோவில் ரேடியோக்காக வாசித்த எட்டுப் பாட்டு. அடுத்த இரண்டும் 1979 டிசம்பர் 9 பாரிஸ் கச்சேரி. நான்காவது ‘வோல்ட்ஸ்’ என்ற அபூர்வங்கள். ஐந்தாவது ‘பேக் இன் பிளாக்’, அப்படியே, ஒரு பாட்டுகூடச் சேர்க்காமல். பான் பாடாத ஆல்பம் பான் அஞ்சலியில் ஏன் என்றால், அவர் நினைவாகச் செய்த ஆல்பம் என்பார்கள். சரிதான், ஆனால் இந்தப் பெட்டியைத் தேடி வாங்குகிறவர் வீட்டில் அது ஏற்கெனவே இல்லாமலா இருக்கும்?

காசு கொடுப்பது ‘வோல்ட்ஸ்’ சிடிக்காகத்தான். அதன் முதல் பாதி டெமோக்கள், அதாவது முன்னோட்டப் பதிவுகள். ‘டர்ட்டி ஐஸ்’ போட்டவுடனே ‘ஹோல் லாட்டா ரோஸி’ ரிஃப் காதில் விழும். ஆனால் ரோஸி இல்லை, வேறு வரிகள், வேறு கதை. ‘பேக் சீட் கான்ஃபிடென்ஷியல்’ பிற்பாடு ‘பீட்டிங் அரவுண்ட் தி புஷ்’ ஆனது. ‘டச் டூ மச்’, ‘கெட் இட் ஹாட்’ இரண்டும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஹைவே டு ஹெல்’ ஆல்பத்தில் வேறு பாட்டாகவே மாறின. ஒரு ரிஃப் இரண்டு வருஷம் கையிலேயே கிடந்து எப்படி வார்த்தை மாறி வேகம் மாறிப் பாட்டாகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சிடி இவர்களிடம் வேறு இல்லை. கூடவே 1977 பாண்டை லைஃப்சேவர் கிளப்பில் பாடிய ‘ஷீஸ் காட் பால்ஸ்’, ஆரம்பத்தில் சொன்ன ‘ஸ்கூல் டேஸ்’. ‘லாங் வே’யும் ‘ரைட் ஆன்’ பாட்டும் எங்கும் கிடைப்பவை, இடத்தை நிரப்ப வந்தவை.

1997 பெட்டியில் சாவிக்கொத்து பாட்டில் ஓப்பனர், போஸ்டர், ஸ்டிக்கர், கிதார் பிக் எல்லாம் இருந்தன. பழையதாக விற்பவர்கள் இவற்றில் இரண்டாவது தொலைத்திருப்பார்கள். விலை பேசும்போது எண்ணிப் பாருங்கள். பிறகு வந்த மெல்லிய அட்டைப் பதிப்பில் இவை கிடையாது, பாட்டு அதேதான். கேட்பதற்கு அது போதும்.

ஆஸ்திரேலிய ஆல்பங்களை மறுபடி கட்டுவது

மூன்றையும் வைத்துச் செய்யக்கூடிய உருப்படியான வேலை இது. அடைப்பில் இருப்பது எந்தத் தட்டிலிருந்து எடுப்பது என்பது. ‘உலக’ என்றால் இன்று கடையில் கிடைக்கும் ஆல்பம்.

‘ஹை வோல்டேஜ்’, 1975: பேபி ப்ளீஸ் டோன்ட் கோ (ஜெயில்பிரேக்), ஷீஸ் காட் பால்ஸ் (உலக ஹை வோல்டேஜ்), லிட்டில் லவர் (அதுவே), ஸ்டிக் அரவுண்ட் (பேக்ட்ராக்ஸ்), சோல் ஸ்ட்ரிப்பர் (ஜெயில்பிரேக்), யூ எய்ன்ட் காட் எ ஹோல்ட் ஆன் மீ (ஜெயில்பிரேக்), லவ் சாங் (பேக்ட்ராக்ஸ்), ஷோ பிசினஸ் (ஜெயில்பிரேக்).

‘டி.என்.டி.’: லாங் வே, ராக் அண்ட் ரோல் சிங்கர், தி ஜாக், லைவ் வயர், டி.என்.டி. ஐந்தும் உலக ஹை வோல்டேஜ். ஆறாவது ராக்கர், உலக டர்ட்டி டீட்ஸிலிருந்து. பிறகு கேன் ஐ சிட் நெக்ஸ்ட் டு யூ கேர்ள், ஹை வோல்டேஜ். முடிவில் ஸ்கூல் டேஸ் (பான்ஃபயர்).

‘டர்ட்டி டீட்ஸ்’, 1976: உலகப் பதிப்பிலிருந்து ராக்கரையும் லவ் அட் ஃபர்ஸ்ட் ஃபீலையும் எடுத்துவிட்டு, டர்ட்டி டீட்ஸ், எய்ன்ட் நோ ஃபன், தேர்ஸ் கானா பி சம் ராக்கின், ப்ராப்ளம் சைல்ட், ஸ்க்வீலர், பிக் பால்ஸ் என்று வரிசையை மாற்றுங்கள். ஆர்.ஐ.பி. பாட்டை (பேக்ட்ராக்ஸ்) ஏழாவதாக, ரைட் ஆனுக்கு முன்னால் வையுங்கள். ஜெயில்பிரேக் (74 ஜெயில்பிரேக்) கடைசி.

‘லெட் தேர் பி ராக்’, 1977: ப்ராப்ளம் சைல்டை எடுத்துவிட்டு, ஓவர்டோஸ் முடிந்ததும் க்ராப்சோடி.

கணினியில் ஏற்றும்போது இரண்டு இடத்தில் சொதப்பும். முதலாவது பெயர். ‘வோல்ட்ஸ்’ டெமோக்களில் மூன்றின் பெயர் ஆல்பம் பாட்டின் பெயரேதான். இரட்டிப்பை நீக்கும் மென்பொருள் கையில் கிடைத்தால் டெமோவை அழித்துவிடும். ஏற்றியவுடன் தலைப்பிலேயே ‘டெமோ’ என்று சேர்த்துவிடுங்கள். இரண்டாவது சத்தம். மூன்று தொகுப்பும் மூன்று வெவ்வேறு காலத்து மாஸ்டரிங். கலந்து அடுக்கினால் பாட்டுக்குப் பாட்டு கை வால்யூமுக்குப் போகும். ரீப்ளேகெயின் (பாட்டுகளின் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் மென்பொருள் வசதி) போடுகிறவர்கள் ஆல்பம் கணக்கில் அல்ல, ட்ராக் கணக்கில் போட வேண்டும். ஆல்பம் கணக்கு ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக அளக்கும். நீங்கள் கட்டிய பட்டியலுக்குள் ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கும்.

பாட்டு மட்டும் போதும் என்பவருக்கு ‘ஜெயில்பிரேக்’கும் சாதாரண ‘பேக்ட்ராக்ஸ்’ உம். பான் மேல் பைத்தியம் என்றால் அவற்றுக்கு முன்பே ‘பான்ஃபயர்’. டீலக்ஸ் ஆம்ப், எல்லாம் வாங்கி முடித்துவிட்டு அலமாரியில் இடமும் மிச்சம் இருப்பவருக்கு.

மூன்றிலும் சேராதது ஒன்று இருக்கிறது: பான் வருவதற்கு முன் டேவ் எவன்ஸ் பாடி 1974 ஜூலையில் வந்த முதல் சிங்கிள். முன்பக்கம் ‘கேன் ஐ சிட் நெக்ஸ்ட் டு யூ கேர்ள்’, பின்பக்கம் ‘ராக்கின் இன் தி பார்லர்’. உலக ஹை வோல்டேஜில் முதலாவதன் பெயர் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பான் குரலில் மறுபடி பதிவு செய்தது. எவன்ஸ் குரல் வேண்டுமென்றால் அந்தப் பழைய சிங்கிள் தட்டைத் தேடிப் பிடியுங்கள்.