100 எம்பிபிஎஸ் இணைப்பில் தெரியாமல் போன திமில்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், ஊரை விட்டுத் தள்ளி எங்கள் தோட்டத்து வீடு. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு நூறு மெகாபிட்) வேகத்தில் ஃபைபர் இணைப்பு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டில் எந்த நிகழ்ச்சியையும் அது ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்க்க முடிவதில்லை. பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றி, மாடுகளுக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டு அம்மா வந்து உட்காரும்போது மணி எட்டரையைத் தாண்டிவிடும். அதனால் சேனலின் செயலியில் பிறகு ஏற்றப்படும் பதிவுகள்தான் எங்களுக்குத் தொலைக்காட்சி.

முதல் ஆண்டுப் பொங்கலின்போதுதான் குறை உறைத்தது. அலங்காநல்லூர் சல்லிக்கட்டை மறுநாள் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, போட்டுக் காட்டினேன். கொம்பையும் திமிலையும் பார்த்தே காளை காங்கேயமா புலிக்குளமா என்று சொல்லிவிடுவார். வாடிவாசல் திறந்ததும் திரை கட்டம் கட்டமாக உடைந்தது. "கண்ணு, மாடு எது, மண் எது என்றே தெரியவில்லையே" என்றார். அந்த வார்த்தைதான் என்னை இதன் பின்னால் அலைய வைத்தது.

செல்பேசியில் வேகத்தைச் சோதித்தால் 95 எம்பிபிஎஸ் காட்டியது. நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசியவர், இன்னும் கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு மாறியிருந்தால் காசுதான் போயிருக்கும். 1080பி என்கிற உயர்தரப் படம் ஒன்று ஓட ஐந்து முதல் எட்டு எம்பிபிஎஸ் தடையில்லாமல் கிடைத்தால் போதும்.

அந்தத் 'தடையில்லாமல்' என்பதில்தான் சங்கதி இருக்கிறது. ரவுட்டர் முன்னறையில். டிவி உள்கூடத்தில். நடுவில் ஒன்றரை அடி கனத்தில் இரண்டு கல்சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவரைக் கடந்து வருவதே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் வருகிறது, ஆனால் நிலையாக நிற்பதில்லை. செயலியோ படத்தைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்திருக்கிறது. முந்தைய துண்டு எவ்வளவு விரைவாக வந்து சேர்ந்தது என்று பார்த்து அடுத்ததன் தரத்தை முடிவு செய்கிறது. வைஃபை சிறிது தடுமாறினாலும் படம் நிற்காது, ஓசையில்லாமல் மங்கிவிடும். நிற்காததால் நாமும் இணைப்பு நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். ஓட்டு விட்டத்தை ஒட்டி 25 மீட்டர் லேன் கேபிள் இழுத்த அன்றைக்கே மங்குவதும் தெளிவதுமாக இருந்த படம் ஒரே நிலைக்கு வந்தது.

ஆனால் அந்த நிலை 480பி என்கிற குறைந்த தரத்தைத் தாண்டவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. அட்டையில் '4கே' என்று அச்சிட்டிருந்த எங்கள் ஆண்ட்ராய்டு பெட்டிக்கு, திருட்டுப் பதிவைத் தடுக்கும் வைடுவைன் பாதுகாப்பில் எல்3 என்கிற கீழ்நிலைதான் இருந்தது. எல்1 என்கிற மேல்நிலை இல்லாத கருவிகளுக்குப் பல செயலிகள் உயர்தரப் படத்தை அனுப்புவதே இல்லை, கம்பியில் எவ்வளவு வேகம் வந்தாலும். பெட்டி வாங்கும் முன் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். இந்த நிலையைக் காட்டும் இலவசச் செயலிகளும் உண்டு. எல்1 பெட்டி வந்த இரவு, தொடரில் வந்த பட்டுச்சேலையின் கரையில் இருந்த அன்னப்பட்சியை அம்மா எண்ணிக் காட்டினார்.

ஆடி மாதத்துக் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தென்னையை வளைத்து ஆட்டும். எங்கள் ஃபைபர் கம்பி தொங்குவதும் தென்னைக்குத் தென்னைதான். கம்பி கூர்மையாக மடங்கினால் உள்ளே போகும் ஒளி கசிந்துவிடும். இரண்டாம் ஆண்டு ஆடியில் இணைப்பு விட்டு விட்டு வந்தது. லைன்மேன் அளவுமானியை வைத்தபோது வந்து சேரும் ஒளியின் வலிமை மைனஸ் 28 டிபிஎம்; மைனஸுக்குப் பின் எண் கூடக் கூட ஒளி குறைவு. மடங்கிய இடத்தை வெட்டி ஒட்டி, மரத்தில் இறுக்கிக் கட்டாமல் தளர்வாக வளையம் விட்டுக் கட்டினார். மைனஸ் 21 ஆயிற்று. அதன் பிறகு காற்றினால் தொல்லை இல்லை.

எங்கள் கையில் இல்லாதது ஒன்றுதான்: சேனல் தன் பதிவை எவ்வளவு இறுக்கிச் சுருக்குகிறது என்பது. பெரும்பாலும் முந்தைய சட்டகத்திலிருந்து (ஃபிரேம்) மாறியதை மட்டும் அனுப்பித்தான் படத்தைச் சுருக்குகிறார்கள். அசையாத சுவருக்கு முன்னால் ஒருவர் பேசும் காட்சிக்குக் கொஞ்சம் டேட்டா போதும். சல்லிக்கட்டில் புழுதி, கூட்டம், காளை எல்லாமே நகர்கின்றன. ஒதுக்கிய டேட்டா போதாமல் கட்டங்கள் எழுகின்றன. இருட்டுக் காட்சிகளில் கறுப்பு திட்டுத்திட்டாகப் படிவதும் இந்தச் சிக்கனத்தால்தான். தொடருக்கும் சல்லிக்கட்டுக்கும் ஒரே அளவில் டேட்டா ஒதுக்குவது பெரிய அநியாயம் என்று எனக்குப் படுகிறது. பார்க்கிறவர் நேரம் தப்பிப் பார்க்கிறார் என்பதற்காகத் தரம் குறைந்த படத்தையா கொடுப்பது?

இந்தப் பொங்கலுக்கும் மறுநாள் பதிவைத்தான் போட்டேன். காளை பாயும்போது புழுதியில் கட்டங்கள் இன்னமும் எழுகின்றன. ஆனால் பாய்வதற்கு முன் வாடிவாசலில் அது ஒரு கணம் நிற்கிறது. நின்றதும் படம் தெளிந்துவிடுகிறது. அப்பாரு அந்த இடத்தில் ரிமோட்டை அழுத்தி நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொம்பிலிருந்து திமில் வரை பார்த்துவிட்டு, "காங்கேயம்தான்" என்கிறார்.